இரண்டாவது முறை திறக்கிறது

ஜூலை 3, வியாழன்

வாஷ்பேசின் பக்கம் போனால் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாலு நாளாகத் தண்ணீர் இறங்காமல் நின்று, இன்று நாற ஆரம்பித்துவிட்டது. பிளம்பரிடம் சொன்னதற்கு “நாளைக்கு வரேம்மா” என்றார். அவருடைய நாளைக்கு எந்த மாதத்தில் வரும் என்று தெரியவில்லை.

ஆபீசில் மேனேஜர் வைத்தீஸ்வரன் ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஒரு பக்கம் போதுமாம். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை எங்கள் வாடிக்கையாளர். நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் எங்கள் ஃபைல் சிஸ்டத்தில்தான் இருக்கின்றன. மனநலப் பிரிவில் சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணின் கோப்பு அங்கிருந்து வாட்ஸப்பில் போய், அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுவிட்டது. ஆவணப் பிரிவு கிளார்க் உத்திராபதி என்பவரை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். வயது ஐம்பத்து நாலு, இருபத்தாறு வருட சர்வீஸ். அவர் அட்மின் பாஸ்வேர்டைத் திருடித்தான் கோப்பைத் திறந்திருக்க வேண்டும் என்பது குற்றச்சாட்டு. பதினெட்டாம் தேதி விசாரணை. அது முடிந்தால் போலீஸ்.

பாஸ்வேர்டு இல்லாமல் அந்தக் கோப்பைத் திறக்க வழி உண்டா என்று எங்களைக் கேட்டிருக்கிறார்கள்.

“ஒரு வரி மேட்டர், பிரிசில்லா. பெர்மிஷன் செக் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? வழியே இல்லைன்னு எழுதி ஒரு கையெழுத்த போட்டுக் குடுங்க” என்றார் வைத்தீஸ்வரன். வாய் நிறைய சமோசா. பேசப் பேசத் துகள் என் கீபோர்டில் விழுந்தது. சீ.

பதினாலு வருடமாக நான் எழுதுவது ஒரே ஒரு கேள்வியைத்தான். கணினியின் அடியாழத்தில், கெர்னலுக்குள் உட்கார்ந்துகொண்டு, “இந்த ஆள் இந்தக் கோப்பைத் தொடலாமா?” என்று கேட்கிற வரிகள். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

எங்கள் பரிசோதனை அறையில் அந்த மருத்துவமனையின் அமைப்பை அப்படியே உருவாக்கி, அனுமதியில்லாத ஆளாக முந்நூறு தடவை முயன்றேன். முந்நூறு தடவையும் “அனுமதி இல்லை”. கடிதத்தை எழுதிவிட்டேன். நன்றாகவே வந்திருக்கிறது. கையெழுத்து மட்டும் போடவில்லை.

விசாரணைக் காகிதங்களோடு உத்திராபதியின் புகார் ஒன்றும் இணைப்பில் வந்திருந்தது. மே 21ஆம் தேதி எங்கள் உதவி மையத்துக்கு அவரே எழுதியது. “ஐயா, பழைய கோப்பு ஒன்றைத் தேடும்போது எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேன். முதலில் திறக்காது என்று வந்தது. இரண்டாவது முறை அழுத்தியதும் திறந்துகொண்டது. அது எனக்குச் சம்பந்தமில்லாத பிரிவின் கோப்பு. காலையில் முதல் வேலையாகப் பார்த்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தாலும் இப்படி ஆகிறது. இது சரியல்ல என்று தோன்றுகிறது. திரையைப் படம் எடுத்து இணைத்துள்ளேன்.”

அந்தப் படத்தைத்தான் இப்போது சாட்சியாகக் காட்டுகிறார்கள். கோப்பு ஊர் சுற்றியது ஜூனில். மே மாதமே திறந்து பார்த்தவர் இவர்தானே, இதோ அவரே எடுத்த படம் என்கிறார்கள். கதவு திறந்து கிடக்கிறது என்று சொல்ல வந்தவனைப் பிடித்துத் திருடன் என்று கட்டிவைப்பது. கருமம்.

புகாரை மே 22 காலை ஒன்பது பதினாலுக்கு மூடியிருக்கிறார்கள். “மீண்டும் நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை. பயனர் வேறொருவர் பாஸ்வேர்டைப் பயன்படுத்தியிருக்கலாம்” என்று குறிப்பு. மருத்துவமனைக்காரர்கள் இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டுதான் தொங்குகிறார்கள். மூடியவர் பெயரும் அதில் இருக்கிறது. அதை இங்கே எழுதத் தேவையில்லை.

ஜூலை 6, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்தோம். வஞ்சிரம் வாங்கிக் கழுவும்போது பேசின் நாற்றமும் மீன் நாற்றமும் சேர்ந்துகொண்டன. என் வீட்டுக்காரர் ஜெபராஜ் மட்டும் மூன்று துண்டு சாப்பிட்டார். நான் ரசம் விட்டுக்கொண்டேன். ஆபீசைப் பற்றி நினைக்கவில்லை. பிரசங்கத்தின்போது கொஞ்சம் நினைத்தேன்.

ஜூலை 7, திங்கள்

காலையில் பஸ்சில் நிற்கும்போதுதான் உறைத்தது. காலையில் முதல் வேலையாக, சாப்பாட்டுக்குப் பிறகு. இரண்டுமே யாரும் தொடாமல் டிஸ்க் கிடந்த நேரம். பழைய கோப்புகள் இருக்கும் டிஸ்க்குகளை யாரும் அரை மணி நேரம் தொடாவிட்டால் அவை தூங்கிப்போகும், மின்சாரம் மிச்சம் பிடிக்க. என் முந்நூறு தடவையில் டிஸ்க் ஒரு நொடி கூடத் தூங்கவில்லை. இதை அந்த மனிதர் எழுதியே கொடுத்திருக்கிறார். நான்தான் படிக்கிறேன் என்று பேர் பண்ணியிருக்கிறேன்.

எதையும் தொடாமல் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து, அனுமதியில்லாத ஆளாக ஒரு கோப்பைத் திறந்தேன். “திறக்க இயலவில்லை, பிறகு முயலவும்.” மறுபடி அழுத்தினேன்.

திறந்துகொண்டது. இன்னொரு கோப்பு. அதுவும் திறந்தது. அட்மின் தவிர யாரும் தொடக் கூடாத ஃபோல்டர். அதுவும். கழிவறைக்குப் போய், சாப்பிட்ட தயிர்சாதம் முழுவதையும் வாந்தி எடுத்தேன்.

ஜூலை 8, செவ்வாய்

வைத்தீஸ்வரனை அறைக்குள் உட்காரவைத்து நேரே காட்டினேன். முதல் அழுத்தல், இல்லை. இரண்டாவது அழுத்தல், எல்லாம். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“யாருகிட்டயாவது சொன்னீங்களா?”

“உங்ககிட்டதான்.”

“நல்லது. சரி பண்ணுங்க. இந்த வாரமே எல்லா கஸ்டமருக்கும் வழக்கமான அப்டேட்னு அனுப்பிடலாம். பேரு வேணாம், வெவரம் வேணாம்.”

“அந்தக் கடிதம்?”

“அது அப்படியே போகட்டும். அவர் திருடலைன்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

“எனக்குத் தெரியாது சார். ஆனா வழியே இல்லைன்னு எழுதச் சொல்றீங்களே, வழி இருக்கே!”

“பெருசாக்காதீங்க. கிளார்க்குதானே. அந்த ஆஸ்பத்திரி மாதிரி இன்னும் நாப்பது எடத்துல நம்ம சரக்கு ஓடிட்டிருக்கு.”

கிளார்க்குதானே. அதைச் சொல்லிவிட்டு வெள்ளைத் துணியால் கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இன்னொரு தடவை துடைத்தார். எனக்கு அவர் மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

எந்த வரியை யார், எந்தத் தேதியில் எழுதினார்கள் என்று காட்டுகிற கட்டளை ஒன்று எங்கள் தொழிலில் உண்டு. தவறு செய்தவரைப் பிடிப்பதற்கு முதலில் தட்டுவது அதைத்தான். நான் தட்டவில்லை. இன்று நேரமில்லை.

ஜூலை 9, புதன்

பிளம்பர் வரவில்லை. கடிதம் மேஜையிலேயே இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஜெபராஜுக்குத் துறைமுகத்தில் பகல் ஷிப்ட். கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்து நின்றார்.

“ஏட்டி, ஒரு வாரமா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிக்கிட்டு இருக்க. என்னன்னு சொல்லேன்.”

சொன்னேன். “ஒருத்தர் பழைய கோப்பு ஒண்ணக் கேக்காரு. அந்த டிஸ்கத் தொடுறதுக்கு மட்டும் கெர்னல் அவர ஒரு நொடி ரூட்டா மாத்தும். ரூட்டுன்னா எல்லாத்தையும் தொறக்கலாம், கேக்க ஆளில்ல. வேல முடிஞ்சதும் மறுபடி பழைய ஆளா மாத்திரணும். ஆனா டிஸ்க் தூங்கிட்டு இருந்தா, அப்புறம் வான்னு சொல்லிப் பாதியிலயே திருப்பி அனுப்பிருது. அந்த எடத்துல மாத்த மறந்திருக்கு. அதுக்கப்புறம் அவர் கேக்கறதெல்லாம் ரூட் கேக்க மாதிரி.”

“அதாவது, கேட் பாஸக் குடுத்துட்டுத் திருப்பி வாங்கல.”

“ஆமா.”

“எங்க யார்டுல இப்படி விட்டா அன்னைக்கே சீட்டக் கிழிச்சிருவாங்க. எவன் எழுதுனது?”

“பழைய ஆளு. எப்பவோ எழுதுனது.”

“வேலைய விட்டுப் போயிட்டானா?”

“தெரியல” என்று சொல்லிவிட்டுக் குழம்பைச் சூடு பண்ணப் போனேன்.

ஜூலை 12, சனி

பிளம்பர் வந்தே விட்டார். பேசினுக்கு அடியிலிருக்கும் குழாயைக் கழற்றி, ஒரு கம்பியை விட்டுச் சுழற்றி இழுத்தார். கறுப்பாக, வழவழவென்று, ஒரு முழ நீளத்துக்கு ஒரு கற்றை வந்தது. அந்த நாற்றத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

“எங்க இருந்துண்ணே வருது இதெல்லாம்? மேல் வீட்டுலருந்தா?” என்றேன்.

“மேல் வீட்டு லைனே வேறம்மா. எல்லாம் உங்க முடிதான்” என்று என் காலடியில் போட்டார்.

அவர் போனபிறகு லேப்டாப்பைத் திறந்து அந்தக் கட்டளையைத் தட்டினேன். தட்டாமலே தெரிந்ததுதான். திங்கட்கிழமை அந்தத் திரையில் பார்த்த நொடியிலேயே தெரியும். ஆறு வருடத்துக்கு முன்பு, டிசம்பர் மாதம், இரண்டே வரி. எழுதியவர் பிரிசில்லா ஜெபராஜ். சரிபார்த்தவர் வைத்தீஸ்வரன்.

அதை எழுதியதற்கு மறுநாள் டெமோ. தூங்கும் டிஸ்க் விழிக்கப் பன்னிரண்டு விநாடி ஆகும். பணக்கார வாடிக்கையாளர் முன்னால் பன்னிரண்டு விநாடி திரை அசையாமல் நின்றால் அசிங்கம் என்றார்கள். காத்திருக்காதே, “பிறகு வா” என்று சொல்லி உடனே திரும்பு என்று இரண்டு வரி சேர்த்தேன். திரும்பும் வழியில் அடையாளத்தைப் பழையபடி மாற்றவேண்டும் என்பது நான் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது. டெமோ ஜோராக நடந்தது. கேக் வெட்டினார்கள். முதல் துண்டு எனக்குத்தான்.

அந்தக் கேக் இப்போது தொண்டையில் நிற்கிறது. ஒன்பது நாளாக வைத்தீஸ்வரனைப் பார்த்துத்தான் குமட்டுகிறது என்று எழுதிக்கொண்டிருந்தேன். பொய். பாதிப் பொய்.

ஜூலை 14, திங்கள்

கடிதத்தைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினார். நானே போனேன்.

“கையெழுத்துப் போட மாட்டேன் சார். அந்த ரெண்டு வரி என்னோடது. நீங்களும் பார்த்து ஓகே சொன்னது.”

“அதனாலதான் சொல்றேன், கெளறாதீங்க. உங்களுக்குத்தான் கெட்ட பேரு.”

“அந்தப் புகாரையாவது ஒழுங்காப் பார்த்திருக்கலாமே. மே இருபத்திரெண்டு. நான் அன்னைக்குப் பாளையங்கோட்டைல இருந்தேன், நாத்தனார் மகளுக்கு ஞானஸ்நானம். எம்பேருல யாரு மூடுனது?”

அவர் சிரித்தார். சிரித்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை. “நாப்பது புகார் டிக்கெட் தேங்கி நின்னுச்சு. மாசக் கடைசில நம்பர் காட்டணும். உங்க பாஸ்வேர்டுதான் எங்கிட்ட இருக்கே, உள்ள போய் எல்லாத்தையும் மூடுனேன். எல்லாரும் பண்றதுதானே. ஆனா யாரு மூடுனதுன்னு காட்டுற லாக்ல உங்க பேர்தான் இருக்கு, பாத்துக்கங்க.”

உண்மைதான். எங்கள் டீமில் லீவு போடுகிறவர் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். மூன்று வருடத்துக்கு முன்பு பித்தப்பை ஆபரேஷனுக்குப் போனபோது நான் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து மாற்றவில்லை. யார் எதைத் தொடலாம் என்று உலகத்துக்கே எழுதித் தருகிற டீம் நாங்கள். த்தூ.

ஜூலை 15, செவ்வாய்

விசாரணைக் காகிதத்தில் உத்திராபதியின் நம்பர் இருந்தது. மதியம் மொட்டை மாடிக்குப் போய்ப் போன் செய்தேன். எந்தக் கம்பெனி என்று சொன்னேன்.

“நீங்க எழுதுனது சரிங்க. ரெண்டாவது தடவ தொறக்குது. நானே பார்த்தேன்” என்றேன்.

“நெசமாவாங்க?” என்றார். “இத யாருகிட்ட சொன்னாலும் சிரிக்கிறாங்க மேடம். ரெண்டாவது தடவ ஏன் அமுக்குனேன்னு கேக்குறாங்க. கதவு ஒரு தடவ தொறக்கலைன்னா இன்னொரு தடவ தள்ளிப் பாக்க மாட்டமா? அது தப்பாங்க?”

“தப்பில்ல.”

“அந்தப் புள்ளையோட பேரப் பாத்ததும் மூடிட்டேங்க. சத்தியமா மூணு வரி கூடப் படிக்கல. படம் எடுத்தது கூட, உங்களுக்குப் புரியணும்னுதான். எம்பொஞ்சாதியே ஒரு நாள் கேட்டுட்டா, நெசமா நீங்க அனுப்பலையான்னு.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “எனக்கு வேற ஒண்ணும் வேணாம் மேடம். நான்தான் மொதல்ல சொன்னேன்னு யாராவது ஒரு எடத்துல எழுதிக் குடுத்தாப் போதும்.”

எழுதியது யார் என்று கேட்பாரோ என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போனை வைத்தபிறகு வெயிலில் பத்து நிமிஷம் அப்படியே நின்றேன், என்னை நினைத்தாலே கூச்சமாக இருந்தது.

ஜூலை 16, புதன்

திருத்தம் நாலு வரி. தூங்கும் டிஸ்க், விழித்த டிஸ்க், பாதியில் கோளாறு, எல்லா வழியிலும் திரும்புவதற்கு முன் அடையாளத்தைப் பழையபடி மாற்றுகிறது. இருபது தடவை டிஸ்க்கைத் தூங்கவைத்து இருபது தடவையும் இரண்டாவது முறை அழுத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. பெயரில்லாத அப்டேட்டாக இன்று மாலையே நாற்பது இடங்களுக்கும் போய்விட்டது.

இனி இதே திருத்தம் பொது மின்மடல் குழுவுக்கும் போக வேண்டும். எங்கள் ஃபைல் சிஸ்டம் திறந்த மூலம், மாற்றங்களை எல்லாரும் பார்க்கும்படி வைப்பதுதான் விதி. அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு திருத்தத்தின் அடியிலும் சில வரிகள் நிற்கும். எந்தப் பழைய மாற்றத்தின் தவறைத் திருத்துகிறது, தவறை முதலில் கண்டு சொன்னவர் யார், பொறுப்பேற்றுக் கையெழுத்திடுகிறவர் யார். சமையல்காரர் கண்டு சொன்னாலும் சரி, பேராசிரியர் கண்டு சொன்னாலும் சரி, பெயரைப் போட்டே ஆக வேண்டும். ஒருமுறை ஏறிவிட்டால் யாராலும் அழிக்க முடியாது.

நான் எழுதியதை வைத்தீஸ்வரன் பார்த்தார். நடு வரியில் விரலை வைத்தார்.

“இது வேணாம். கம்பெனிக்குள்ளயே கண்டுபிடிச்சதுன்னு போடுங்க.”

“கம்பெனிக்குள்ள கண்டுபிடிக்கலையே.”

“பிரிசில்லா, இந்த ஒரு வரிய அனுப்பினீங்கன்னா அடுத்த நாள் உங்கள என்னால காப்பாத்த முடியாது. வீட்டுக் கடன் இருக்குல்ல உங்களுக்கு?”

அவர் விரல் பட்ட இடத்தில் திரையில் எண்ணெய்ப் பிசுக்கு. துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஜெபராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய ஆளு நான்தான் என்றும் சொன்னேன். தட்டை ஓரமாக நகர்த்தினார்.

“அந்த மனுசன் பேரு என்ன சொன்ன?”

“உத்திராபதி.”

“போடு” என்றார். “கடனப் பெறகு பாத்துக்கிடுவோம்.”

ஜூலை 17, வியாழன்

காலை பத்து ஐந்துக்கு அனுப்பினேன். அடியில் இருந்தவை இவை மட்டும்தான்:

திருத்தப்படும் தவறு: பிரிசில்லா ஜெபராஜ் ஆறு வருடத்துக்கு முன் செய்த மாற்றம்.
முதலில் கண்டு சொன்னவர்: உத்திராபதி, ஆவணப் பிரிவு, மே 21.
கையெழுத்து: பிரிசில்லா ஜெபராஜ்.

அதை அச்செடுத்து, கூடவே ஒரு கடிதம் எழுதி விசாரணைக் குழுவுக்கு அனுப்பினேன். பாஸ்வேர்டு இல்லாமல் திறக்க வழி இருந்தது, அந்த வழியை வைத்தது நான், அவருடைய புகாரை என் பெயரில் மூடியதற்கும் நானே பொறுப்பு. இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடக் கை தயங்கவில்லை.

பிறகு என் பாஸ்வேர்டை மாற்றினேன். மூன்று வருடத்தில் முதல் தடவை.

ஜூலை 18, வெள்ளி

சாயங்காலம் உத்திராபதி கூப்பிட்டார்.

“சத்தமா வாசிச்சாங்க மேடம், எல்லார் முன்னாடியும். சஸ்பென்ஷன எடுத்துட்டாங்க. திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.” பிறகு கேட்டார். “அதுல உங்க பேரு ரெண்டு எடத்துல இருக்கேங்க. தப்புப் பண்ணவங்கன்னும் இருக்கு, கையெழுத்துன்னும் இருக்கு. அன்னைக்கு நீங்க சொல்லவே இல்லையே.”

“பயமா இருந்துச்சுங்க.”

“எனக்கும் அந்தப் படம் அனுப்பும்போது பயமாத்தான் இருந்துச்சு” என்றார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கோப்பை அனுப்பியது யார் என்று இன்னும் கண்டுபிடிக்கவில்லை. என் இரண்டு வரி வழியாக யார் வேண்டுமானாலும் போயிருக்கலாம், அப்படிப் போனவரும் லாக்கில் ரூட் என்றுதான் இருப்பார். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியும். அவளிடம் பேசத் தைரியம் இல்லை. அவள் கல்யாணத்துக்கு எந்தத் திருத்தமும் அனுப்ப முடியாது.

ஜூலை 21, திங்கள்

வாஷ்பேசினில் தண்ணீர் நன்றாக இறங்குகிறது. எட்டு நாற்பதுக்கு ஆபீஸ் வாசலில் என் அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. அனுமதி இல்லை.

பக்கத்தில் செக்யூரிட்டி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். திருச்சியில் இந்நேரம் உத்திராபதி உள்ளே போயிருப்பார் என்று நினைத்தபடி, பழக்க தோஷத்தில் இன்னொரு தடவை காட்டினேன்.

இரண்டாவது முறையும் திறக்கவில்லை. இந்தக் கதவை எழுதியவர் ஒழுங்காக எழுதியிருக்கிறார்.